பாலத்தின் நடுவே மூன்று சட்டங்கள்

வடக்கு வர்ஜீனியாவில் வாழும் தமிழர்களில் பலர் நல்ல நாள், பெரிய நாள் என்றால் மேரிலாந்தின் லான்ஹம் ஊரிலுள்ள சிவா விஷ்ணு கோயிலுக்குப் போவது வழக்கம். அலெக்சாண்ட்ரியா வழியாகப் போகிறவர்கள் பொடோமாக் ஆற்றை வுட்ரோ வில்சன் பாலத்தின் மேல் கடக்க வேண்டும். அந்தப் பாலத்தின் மேற்குக் கரை வர்ஜீனியா. கிழக்குக் கரை மேரிலாந்து. நடுவே சில நொடிகளில் கார் கடந்துவிடும் ஒரு சிறு துண்டு மட்டும் தலைநகர் வாஷிங்டனின் தென்முனைக்குள் அடங்கும். ஒரே பாலம், ஒரே ஆறு, மூன்று ஆட்சிப் பகுதிகள். பல ஆண்டுகளாக அந்தப் பாலத்தில் போய்வந்தும் இதை நான் கவனித்ததில்லை. எங்கள் ஊர் அண்ணா ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் திருநெல்வேலிக்காரர். வர்ஜீனியாவில் மனாசஸ் ஊர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய கடையும் வைத்திருக்கிறார். இரவு பதினொரு மணிக்குக் கல்லாவைப் பூட்டிவிட்டுத் தனியாக வீடு திரும்புகிறவர். ஒரு முறை கடைக்குள் கத்தியோடு ஒருவன் நுழைந்த பிறகு கைத்துப்பாக்கி வாங்கினார்; பயிற்சி வகுப்புக்குப் போனார்; அதை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கு வர்ஜீனியாவின் பெர்மிட்டும் பெற்றார். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே வண்டியில் கோயிலுக்குப் போனபோது, பாலம் கண்ணில் பட்டதும் அவருடைய வலக்கை தன்னையறியாமல் இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. துப்பாக்கியைக் கடையின் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் கைக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. "பாலத்துக்கு இந்தப் பக்கம் நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன், தங்கச்சி. அந்தப் பக்கம் அதே துப்பாக்கியோட போனா குற்றவாளி. நடுவுல மாறினது நானா, ஆறா?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு நான் சொல்லும் பதில் 2015இல் ஒன்றாக இருந்தது, 2016இல் மாறியது, இப்போது இரண்டிலிருந்தும் சற்று விலகி நிற்கிறது. ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட்டை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டுமா என்னும் விவாதம் வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் திரும்ப வருகிறது, வாஷிங்டனிலும் ஓயவில்லை. நம்மவர்கள் இதைத் துப்பாக்கிப் பிரியர்களுக்கும் துப்பாக்கி வெறுப்பாளர்களுக்கும் இடையிலான சண்டை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுத நினைத்தேன்.

வர்ஜீனியாவில் கைத்துப்பாக்கியை இடுப்பில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு நடப்பதற்குப் பொதுவாக அனுமதி எதுவும் தேவையில்லை. மேல்சட்டை அதை மூடிவிட்டால்தான் பெர்மிட் வேண்டும். அதைக் கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின், சர்க்யூட் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும்; துப்பாக்கியைக் கையாளத் தெரியும் என்பதற்குச் சான்று வேண்டும்; நீதிமன்றம் 45 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; கட்டணம் 50 டாலருக்கு மேல் போகாது; கிடைத்த பெர்மிட் ஐந்து ஆண்டுகள் செல்லும். யாருக்குக் கிடைக்காது என்னும் பட்டியல்தான் முக்கியமானது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் தண்டிக்கப்பட்டவர், ஒருவரைப் பின்தொடர்ந்து மிரட்டியதாகக் குற்றம் நிரூபிக்கப்பட்டவர், ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு சிறு குற்றங்களில் சிக்கி அவற்றில் ஒன்று சிறு குற்றங்களிலேயே கடுமையான முதல் வகுப்பைச் சேர்ந்ததாக இருப்பவர் என்று அது நீளும். கொலை, கொள்ளை செய்தவர்களுக்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. மாநிலங்கள் வேறுபடுவது அதற்குக் கீழே உள்ள படிகளில்தான்: குடி, மிரட்டல், கைகலப்பு போன்றவற்றில்.

அந்தக் கீழ்ப்படிகளில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகக் கோடு போட்டிருக்கிறது. பென்சில்வேனியாவில் பெர்மிட் பெறப் பயிற்சி எதுவும் தேவையில்லை; ஜார்ஜியாவிலும் அப்படியே. இல்லினாயில் 16 மணி நேர வகுப்பு முடிக்க வேண்டும். நியூயார்க் 2022இல் 16 மணி நேர வகுப்போடு இரண்டு மணி நேரம் சுட்டுப் பயிலவும் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. வெர்மான்ட்டிலோ பெர்மிட் என்ற ஒன்றே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தடை செய்யப்படாதவர் எவரும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அந்த வழியில் அலாஸ்கா 2003இலும், அரிசோனா 2010இலும், டெக்சாஸ் 2021இலும், புளோரிடா 2023இலும் இறங்கின. 2024இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது, பெர்மிட் இல்லாமலே எடுத்துச் செல்ல விடும் மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆனது. அங்கெல்லாம் வெளிமாநிலப் பயணத்துக்குப் பயன்படும் என்பதற்காகவே பலர் இப்போதும் பெர்மிட் வாங்கிவைத்துக்கொள்கிறார்கள்.

2016க்கு முன்பு வர்ஜீனியாவின் சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வர்ஜீனியாவில் யாருக்குப் பெர்மிட் மறுக்கப்படுமோ, அவர் கையில் பெர்மிட் போய்ச் சேராதபடி தடுக்கப் போதுமான விதிகள் இன்னொரு மாநிலத்தில் இருந்தால்தான் அந்த மாநிலத்தின் பெர்மிட் இங்கே செல்லும். நிபந்தனை ஏட்டில் இருந்தது. ஆனால் பட்டியல் தளர்வாகவே இருந்தது. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலாக அப்போது இருந்த மார்க் ஹெரிங் மாநிலக் காவல்துறையோடு சேர்ந்து, அங்கீகாரம் பெற்றிருந்த 30 மாநிலங்களின் சட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். 25 மாநிலங்கள் தேறவில்லை என்று 2015 டிசம்பர் 22 அன்று அறிவித்தார். மிச்சிகன், ஓக்லஹோமா, டெக்சாஸ், யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மட்டுமே நின்றன. அண்டை மாநிலங்களான வட கரோலினாவும் டென்னசியும் கென்டக்கியும் பட்டியலிலிருந்து விழுந்தன. நீங்கள் எங்களை ஏற்றால்தான் நாங்கள் உங்களை ஏற்போம் என்ற விதியுள்ள புளோரிடா, பென்சில்வேனியா உட்பட ஆறு மாநிலங்களில் வர்ஜீனியாக்காரர்களின் பெர்மிட்டும் செல்லாமல் போகும் நிலை வந்தது.

அந்த அறிவிப்பைக் கேட்டபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட மாநிலம் இது. இறந்தவர்களில் நம் தமிழ்நாட்டிலிருந்து போன பேராசிரியரும் ஒருவர். அந்த நாளுக்குப் பிறகு இங்கே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் துப்பாக்கிச் சட்டம் தூரத்துச் செய்தியாக இருந்ததில்லை. எங்கள் பட்டியலை எங்கள் மாநிலமே வைத்துக்கொள்ளட்டும், தேறாதவர்களின் தாளை ஏன் ஏற்க வேண்டும் என்பதே அன்று என் வாதம்.

ஒரு மாதம் கடந்ததும் ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் குடியரசுக் கட்சித் தலைவர்களோடு உடன்பாடு செய்துகொண்டார் என்று 2016 ஜனவரி இறுதியில் செய்தி வந்தது. அநேகமாக எல்லா மாநிலங்களின் பெர்மிட்டையும் வர்ஜீனியா ஏற்கும். பதிலுக்கு, குடும்ப வன்முறை வழக்குகளில், பாதிக்கப்பட்டவரை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் இடும் இறுதிப் பாதுகாப்பு ஆணைக்கு உள்ளானவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது மாநிலச் சட்டப்படி குற்றமாகும். துப்பாக்கிக் கண்காட்சிகளில் மாநிலக் காவலர்கள் இருந்து, விரும்பிக் கேட்கும் தனியார் விற்பனையாளர்களுக்காக வாங்குபவரின் பின்னணியைச் சோதித்துத் தருவார்கள். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசியத் துப்பாக்கிச் சங்கம் இதை ஆதரித்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் போராடும் எவ்ரிடவுன் அமைப்பு கடுமையாக எதிர்த்தது. தங்கள் பக்கம் நின்ற ஆளுநரே கைவிட்டார் என்று அவர்கள் கொதித்தார்கள். முதல் நாள் நானும் அப்படித்தான் கொதித்தேன். என் மனத்தை மாற்றியது, அதற்கு முந்தைய ஆண்டு நீதிமன்றத் தாழ்வாரம் ஒன்றில் கேட்ட கேள்வி.

ஆங்கிலம் சரளமாக வராத தமிழ்ப் பெண்களுக்கு மொழித்துணையாக நான் அவ்வப்போது போவதுண்டு. நீதிமன்றத்துக்குள்ளே அதற்கென்று உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருப்பார். வெளியே, வழக்கறிஞரோடு பேசும்போதும் படிவம் நிரப்பும்போதும் என்னைப் போன்றவர்கள். 2015 வசந்த காலத்தில் அப்படி ஒரு பெண்ணோடு போயிருந்தேன். அவரை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதால் வேறெதுவும் சொல்லவில்லை. முதலில் கிடைத்த 72 மணி நேர அவசரப் பாதுகாப்பு ஆணையும், அடுத்த 15 நாள் இடைக்கால ஆணையும், அன்று கிடைத்த இரண்டு ஆண்டு ஆணையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக இருந்தன. விசாரணை முடிந்து வெளியே வந்ததும், சட்ட உதவி வழக்கறிஞர் ஆணையின் ஒவ்வொரு பத்தியாக விளக்கினார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆணைக்கு உள்ளானவர் உங்களை அணுகக்கூடாது. தொலைபேசியில் அழைக்கக்கூடாது. துப்பாக்கி வாங்கக்கூடாது. துப்பாக்கியை எங்கும் கொண்டுபோகக்கூடாது. அந்த இடத்தில் அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "வாங்கக்கூடாதுன்னா சரிக்கா. ஏற்கெனவே வீட்டில இருக்கிறது?" என்று கேட்டார்.

அதை நான் ஆங்கிலத்தில் கேட்டபோது, வழக்கறிஞர் உடனே பதில் சொல்லவில்லை. அன்றைய வர்ஜீனியச் சட்டம் வாங்குவதையும் கொண்டுசெல்வதையும் தடுத்தது. அலமாரியில் வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. 1994இல் வந்த, நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் வைத்திருப்பதையும் தடுத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி வழக்குத் தொடுக்க வேண்டியவர்கள் கூட்டாட்சி வழக்கறிஞர்கள். 911 என்ற அவசர எண்ணை அழைத்தால் வாசலுக்கு வரும் உள்ளூர்க் காவலரிடம் அதற்கான அதிகாரம் இல்லை. இதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் சொல்லிமுடித்தபோது அந்தப் பெண் உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆகவே 2016 பிப்ரவரியில் அந்த மூன்று ஏற்பாடுகளும் ஆளுநரின் கையெழுத்தைப் பெற்றபோது நான் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு தட்டில், டென்னசியிலிருந்து சுற்றுலாவாக வர்ஜீனியாவுக்கு வரும் ஒருவர் இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பது. மறுதட்டில், அதே வீட்டில், அதே அலமாரியில் இருக்கும் துப்பாக்கி. அந்தப் பெண்ணின் உயிருக்கு எது ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 2016 ஜூலை 1 முதல், இறுதி ஆணை கையில் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் துப்பாக்கியை விற்றோ மாற்றியோ விட வேண்டும்; வைத்திருந்தால் சிறைத்தண்டனைக்குரிய பெருங்குற்றம். 2020இல், ஒப்படைத்துவிட்டேன் என்று 48 மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தார்கள். அது இல்லாமல் முதல் விதி பாதியில்தான் நின்றது என்பது என் எண்ணம்.

பின்னாளில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பக்கமே நின்றது. 2024 ஜூனில், ரஹிமி வழக்கில், பாதுகாப்பு ஆணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைப்பது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எதிர்த்தவர் ஒருவர் மட்டுமே.

அப்படியானால் மற்ற மாநிலங்களின் பெர்மிட்டை ஏற்றது சரிதானா? பேரமாக அது சரி என்று இன்றும் சொல்வேன். கொள்கையாகச் சொல்ல மாட்டேன். பேரத்தில் விட்டுக்கொடுத்ததை நியாயம் என்று பிறகு நம்பத் தொடங்குவது மனித இயல்பு. சட்டம் இயற்றுகிறவர்கள் அதில் விழுந்துவிடக்கூடாது.

ஏற்பவர்கள் எப்போதும் சொல்லும் வாதம் ஓட்டுநர் உரிமம். வர்ஜீனியா கொடுத்த உரிமத்தோடு கலிபோர்னியா வரை கார் ஓட்டலாமே, அதைவிடவும் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த உரிமைக்கு ஏன் எல்லை தோறும் தடை என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் உரிமம் நாடெங்கும் செல்வதற்குக் காரணம், எந்த மாநிலத்திலும் தேர்வு இல்லாமல் அது கிடைப்பதில்லை என்பதும், ஒருவர் எந்த மாநிலத்தில் தவறிழைத்தாலும் அது சொந்த மாநிலத்தின் பதிவேட்டுக்குப் போய்ச் சேரும்படி மாநிலங்கள் தங்களுக்குள் ஏற்பாடு செய்திருக்கின்றன என்பதும்தான். தேர்வே இல்லாமல் உரிமம் கொடுக்கும் மாநிலம் ஒன்று இருந்து, உரிமமே வேண்டாம் என்று சொல்லும் மாநிலங்கள் 29 இருந்தால், மற்றவை அதை ஏற்றிருக்குமா?

நான் மருந்தாளுநர். வர்ஜீனியாவின் உரிமம் வைத்திருக்கிறேன். பல ஆண்டு அனுபவமும் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் மேரிலாந்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர வேண்டுமென்றால், அந்த மாநில வாரியத்துக்கு விண்ணப்பித்து, மருந்துச் சட்டத் தேர்வையும் எழுதித் தேற வேண்டும். பாராசிட்டமாலின் வேதியியல் ஆற்றைக் கடந்ததும் மாறிவிடுவதில்லை. ஆனாலும் தன் எல்லைக்குள் மருந்தைக் கையாள்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை மேரிலாந்து விட்டுக்கொடுக்கவில்லை. நானும் அதை அவமதிப்பாக எண்ணியதில்லை. வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர் எல்லோருக்கும் இதே நிலைதான்.

மறுபக்கத்தின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. 2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய், ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிச் சென்றார். போக்குவரத்துக் காவலர் நிறுத்தியபோது, காரில் துப்பாக்கி இருக்கிறது, பென்சில்வேனியாவின் பெர்மிட்டும் இருக்கிறது என்று அவரே முன்வந்து சொன்னார். நியூ ஜெர்சி எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னதற்காகச் சிறைக்குப் போனார். குறைந்தது மூன்றரை ஆண்டுகள் சிறை என்று விதிக்கும் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்தது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கித்தான் அது முடிந்தது. சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாய் எவ்வளவு பட்டிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. தன் எல்லைக்குள் தரத்தை நிர்ணயிக்கும் உரிமை நியூ ஜெர்சிக்கு உண்டு. ஆனால் யாருக்கும் தீங்கு நினைக்காமல், கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்ட ஒருவரைக் கொள்ளைக்காரனுக்கு விதிக்கும் அதே தண்டனைக்கு இழுப்பது தரம் காப்பதாகாது.

பயணிகளுக்காகக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 1986இல் இயற்றிய சட்டத்தின்படி, புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் ஒருவர் துப்பாக்கியைச் சட்டப்படி எடுத்துச் செல்லலாம் என்றால், இடையிலுள்ள மாநிலங்கள் வழியாகக் கொண்டுபோகலாம். குண்டுகள் நிரப்பாமல், கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். கடந்துபோகிறவருக்குத்தான் இது உதவும். லான்ஹம் கோயிலையே இலக்காகக் கொண்டு போகும் எங்கள் அண்ணாவுக்கு இதனால் பயனில்லை.

இதற்குத் தீர்வாக, எல்லா மாநிலங்களும் எல்லா மாநிலங்களையும் ஏற்க வேண்டும் என்று நாடாளுமன்றமே கட்டளையிடும் மசோதா பல முறை வந்திருக்கிறது. 2009 ஜூலையில் மேலவையான செனட்டில் 58க்கு 39 என்று பெரும்பான்மை கிடைத்தும், தேவைப்பட்ட 60 கிடைக்காமல் விழுந்தது. 2013இல் 57க்கு 43 என்று மறுபடி விழுந்தது. 2017 டிசம்பர் 6 அன்று கீழவையில் 231க்கு 198 என்று நிறைவேறி, செனட்டில் எடுக்கப்படாமலே போனது. 2025 ஜனவரியில் வட கரோலினா உறுப்பினர் ரிச்சர்ட் ஹட்சன், எச்.ஆர். 38 என்ற எண்ணில் அதை மீண்டும் கொண்டுவந்தார்.

இந்த மசோதாவில் எனக்கு உள்ள மறுப்பு ஒரே ஓர் இடத்தில்தான். பெர்மிட் வைத்திருப்பவரை மட்டும் அது சொல்லவில்லை. சொந்த மாநிலத்தில் பெர்மிட் இல்லாமலே எடுத்துச் செல்லும் உரிமை உள்ளவரையும், அடையாள அட்டை ஒன்று இருந்தால் போதும் என்று எல்லா மாநிலங்களுக்குள்ளும் விடச் சொல்கிறது. அதாவது 29 மாநிலங்கள் தங்களுக்குத் தேவையில்லை என்று எடுத்துவிட்ட சோதனையை மற்ற 21 மாநிலங்களும் வெளியாரிடம் கேட்கக்கூடாது. ஆனால் தங்கள் சொந்த மக்களிடம் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். பால்டிமோரில் பிறந்து வளர்ந்தவர் 16 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும்; வெளியூரிலிருந்து வந்தவர் அவருக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரமும் கற்காமல் நிற்கலாம். எங்கள் ஊரில் ஒரு கிணற்றுக்கு வேலி போட்டு, வேலியில் நாலு பக்கம் வழி விட்ட கதையைப் பாட்டி சொல்வார். அது போன்றதுதான் இது.

உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23 அன்று புரூயன் வழக்கில் நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய விதியைத் தள்ளுபடி செய்தது. தனிப்பட்ட காரணம் காட்டினால்தான் பெர்மிட் என்று அதிகாரி மறுக்கக்கூடாது என்றது. அதே தீர்ப்போடு நீதிபதி கவனா எழுதிய இணைக்கருத்தில், கைரேகை, பின்னணிச் சோதனை, பயிற்சி ஆகியவற்றைக் கேட்டு யாவருக்கும் ஒரே அளவுகோலில் பெர்மிட் வழங்கும் முறைகளுக்குத் தடையில்லை என்பதையும் தெளிவாக்கினார். நான் தேடும் பதில் அந்த வரிகளில் இருப்பதாகத் தோன்றுகிறது. தரம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை எட்டும் வழி வெளியூர்க்காரருக்கும் திறந்திருக்க வேண்டும். 2025இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும், நியூ ஹாம்ப்ஷைர்க்காரர் ஒருவரின் வழக்கில், வெளிமாநிலத்தார் அங்கேயும் உரிமம் பெற்றுத்தான் எடுத்துவர வேண்டும் என்னும் விதி செல்லும் என்றது.

எனவே வர்ஜீனியாவில் இந்தச் சட்டத்தை மறுபடி திருத்த உட்காருகிறவர்கள் 2015க்கு அப்படியே திரும்பிவிடக்கூடாது என்பது என் வேண்டுகோள். அன்றைய ஒப்பீடு சரியானது. ஆனால் ஓர் அட்டர்னி ஜெனரல் மாறினால் பட்டியலும் மாறும் என்ற நிலை, நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவருக்கும் கடைக்காரருக்கும் நியாயமானதல்ல. எந்த மாநிலம் ஏற்கப்படும் என்பதற்கான அளவுகோலைச் சட்டத்திலேயே எழுதுங்கள்: பயிற்சி இருக்க வேண்டும், குடும்ப வன்முறை ஆணைக்கு உள்ளானவர் விலக்கப்பட வேண்டும். 2016 சட்டத்தில் உள்ள நல்ல விதிகளைக் கைவிட வேண்டாம். பெர்மிட்டோடு புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும், வர்ஜீனியா ரத்து செய்த பெர்மிட்டுக்கு மாற்றாக வேறு மாநிலத்துத் தாளைக் காட்டக்கூடாது என்பவை அதில் உள்ளவைதான். அதில் ஓர் ஓட்டை மட்டும் இருக்கிறது. ரத்தானவரைத் தடுக்கும் அந்த விதி, இங்கே விண்ணப்பித்து மறுக்கப்பட்டவரைப் பற்றிப் பேசவில்லை. வெளியூர்க்காரர்களுக்கும் பெர்மிட் கொடுக்கும் மாநிலங்கள் இருக்கின்றன. தன் மாநிலத்தில் வாழ்கிறவர்கள் புளோரிடாவின் பெர்மிட்டை அப்படி வாங்கிவந்து காட்டுவதைப் பென்சில்வேனியா 2013இல் நிறுத்தியது. இங்கேயே குடியிருப்பவருக்கு இங்கே வாங்கிய பெர்மிட்தான் செல்லும் என்று வர்ஜீனியாவும் சொல்வதில் என்ன தடை? அறியாமல் எல்லை கடந்து, கேட்டதும் உண்மையைச் சொன்னவருக்கு முதல் முறை அபராதமும் எச்சரிக்கையும் போதும்.

இதையெல்லாம் அண்ணாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் நின்றபடியே சொன்னேன். வாரத்துக்கு ஒரு நாள் மேரிலாந்தில் உள்ள மொத்த வியாபாரியிடம் பணத்தோடு போய்ச் சரக்கு எடுத்து வருகிறவர் அவர். அந்த நாளில்தான் அவருக்குப் பயம் அதிகம். நான் சொன்னதை முழுதாக ஏற்கவில்லை. கடைசியில், "உன் மேரிலாந்து என்னென்ன கேக்குதுன்னு பார்த்துச் சொல்லு" என்றார். வெளிமாநிலத்தவரும் விண்ணப்பிக்கலாம், 16 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். போன மாதம் இரண்டு சனிக்கிழமைகள் கடையை மகனிடம் விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்வந்தார். விண்ணப்பத்தில் பழைய முகவரிகளை எழுதும் பகுதியில் திருநெல்வேலி வீட்டையும் எழுத வேண்டுமா என்று நேற்று இரவு போன் செய்து கேட்டார். படிவத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.